பனிப்போரில் இருந்தவர்களை நேரில் சந்தித்ததுண்டா?

தூசான், அரிசோனா

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம். சொந்தக்காரர்கள் வந்தால் கிராண்ட் கேன்யன் வரைக்கும் காரோட்டிப் போவேன். அரை மணி நேரத் தூரத்தில் சாவரீட்டாவில் இருக்கும், இப்போது மியூசியமாகிவிட்ட ஏவுகணைக் குழியை மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. போன மாதம் மகளின் பள்ளி ப்ராஜெக்ட் புண்ணியத்தில் போனோம்.

டைட்டன் 2. 31 மீட்டர் உயரம், கிணற்றுக்குள் இறக்கி நிறுத்திய மாதிரி நிற்கிறது. அதன் தலையில் இருந்த குண்டு 9 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப் போல 600 மடங்கு. இப்படி மொத்தம் 54: எங்கள் ஊரைச் சுற்றி 18, கான்சஸில் 18, ஆர்கன்சாவில் 18. இப்போது குழியின் மூடியைப் பாதி திறந்தபடியே விட்டிருக்கிறார்கள். சோவியத் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து, உள்ளே இருப்பது வெத்து வேட்டுதான் என்று தெரிந்துகொள்ள அந்த ஏற்பாடு. ஏவுகணையின் மூக்கில் ஓட்டை போட்டு வைத்திருப்பதும் அதற்குத்தான்.

நான் சொல்ல வந்தது எங்களுக்குச் சுற்றிக் காட்டிய தாத்தாவைப் பற்றி. எழுபதுகளில் இதே மாதிரி ஒரு குழிக்குள் 24 மணி நேர ஷிப்ட் பார்த்தவர். ஏவும் சாவிகளை வைத்திருக்கும் சிவப்புப் பெட்டி ஒன்று, அதில் இரண்டு பூட்டு. ஷிப்டில் இருக்கும் அதிகாரிகள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பூட்டைத்தான் திறக்கத் தெரியும். சாவி போடும் இடங்கள் இரண்டும் ஒரே ஆளுக்குக் கை எட்டாத தூரம். இரண்டு பேரும் ஒன்றாகத் திருப்பி ஐந்து விநாடி பிடித்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிடும். கிளம்பியதைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

மகளை அதிகாரி நாற்காலியில் உட்காரவைத்து சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பினாள். விளக்குகள் வரிசையாக எரிந்தன. "இது எந்த ஊர் மேல விழும்?" என்று கேட்டாள். "எங்களுக்கே சொன்னதில்லை கண்ணு. இலக்கு 1, இலக்கு 2, இலக்கு 3. அவ்வளவுதான் தெரியும்" என்றார். காலையில் வீடு திரும்பியதும் மனைவி, வேலை எப்படி இருந்தது என்று கேட்பாராம். "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாராம்.

இந்த மாதிரி ஆட்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள். படித்தது வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.

லிட்டில் ராக், ஆர்கன்சா

உங்கள் கணக்கில் எங்கள் பக்கத்துப் 18இல் ஒன்று வெடித்தே விட்டது. 1980 செப்டம்பர், டமாஸ்கஸ் என்ற சின்ன ஊர். பராமரிப்பு வேலையில் இருந்தவர் கையிலிருந்து ஒரு சாக்கெட் நழுவிக் குழிக்குள் விழுந்து, தெறித்து, எரிபொருள் தொட்டியில் ஓட்டை போட்டது. சாயங்காலம் விழுந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு வெடித்தது. விமானப்படை வீரர் ஒருவர் இறந்துபோனார். குண்டு மட்டும் வெடிக்காமல் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தது.

என்னோடு வேலை பார்க்கும் அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. அன்றைக்கு ராத்திரி அவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நாயை விட்டுவிட்டு வந்ததுதான் நினைவில் இருக்கிறது என்பார். அணுகுண்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்" என்று முடித்துவிடுவார்.

எடிசன், நியூ ஜெர்சி

எங்கள் எதிர் வீட்டுப் பெரியவரின் பிறந்த நாள் ஜூன் 8. வருடா வருடம் கேக் வெட்டும்போது யாராவது ஒருவர் "366!" என்று கத்துவார்கள். ஏதோ குடும்ப ஜோக் என்று நினைத்து ரொம்ப நாள் கேட்காமலே இருந்தேன்.

1969 டிசம்பர் 1, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கக் குலுக்கல். வருடத்தின் 366 தேதிகளையும் எழுதி, நீல நிற பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டு, ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நேரடி ஒளிபரப்பு. நம் உத்திரமேரூர் குடவோலை மாதிரிதான், ஆனால் இங்கே பெயர் வந்தால் பதவி இல்லை, துப்பாக்கி. முதலில் வந்த செப்டம்பர் 14க்கு 1ஆம் எண், கடைசியில் வந்த ஜூன் 8க்கு 366. அந்தக் குலுக்கலில் 195ஆம் எண் வரைதான் கூப்பிட்டார்கள். 366 என்றால் ஜாதகத்தில் குரு உச்சத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கூத்து. மாதவாரியாகக் குப்பிகளைப் போட்டுவிட்டு ஒழுங்காகக் குலுக்கவில்லை. வருடக் கடைசியில் பிறந்த பையன்களுக்குத்தான் சின்ன எண்கள் அதிகம் விழுந்தன. கணக்குப் போட்டுக் காட்டியதும் அடுத்த வருடம் முறையை மாற்றினார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

பெரியவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவருக்குப் பிறந்த நாள் டிசம்பரில். சின்ன வயதில் அணுகுண்டு ஒத்திகைக்கு மணி அடித்தால் இருவரும் ஒரே மேசைக்கு அடியில் தலையைப் பொத்திக்கொண்டு உட்காருவார்களாம். ரஷ்யாக்காரன் குண்டு வரும் என்று பயந்த பையன் வியட்நாமில் ஏதோ ஒரு வயல் வரப்பில் செத்துப்போனான். வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000த்துக்கு மேல் பெயர்கள். அகர வரிசையில் இல்லை, இறந்த தேதி வரிசையில் இருக்கும். பெரியவர் அங்கே போய், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்தப் பெயரை எடுத்து வந்திருக்கிறார். பர்ஸில் நாலாக மடித்து வைத்திருக்கிறார். மடிப்பில் ஓர் எழுத்து அழிந்துவிட்டது.

டாலஸ், டெக்சஸ்

எல்லாரும் அடுத்தவரைச் சந்தித்த கதை சொல்கிறீர்கள். என்னைத் தேடிப் பனிப்போரே வந்தது, குடியுரிமை விண்ணப்பத்தில். "நீங்கள் எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ அதனுடன் தொடர்பு உள்ளவராகவோ இருந்ததுண்டா?" 1950லும் 52லும் போட்ட சட்டங்களின் வால் அது. சோவியத் யூனியன் போய்ச் சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது, கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

எங்கள் அப்பா கோயம்புத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். நான் உறுப்பினர் இல்லை. ஆனால் பத்து வயதில் அவரோடு பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கியிருக்கிறேன். அது மறைமுகத் தொடர்பா? மூன்று நாள் தூக்கம் வரவில்லை. வக்கீல் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். நேர்காணலில் அந்த அதிகாரி உண்டியல் என்றால் என்ன என்று கேட்டார். கையை ஆட்டிக் காட்டினேன். வயதைக் கேட்டார், சொன்னேன், சிரித்தார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு வசூல் ஆச்சுன்னு கேட்டானா?" என்றார்.

செயின்ட் பால், மினசோட்டா

இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டாரைச் சீனர்கள் என்று நினைத்தேன். மாங் மக்கள், லாவோஸ் மலைக்காரர்கள். இந்த ஊரில் எங்கு திரும்பினாலும் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் பாகற்காய்க் கொடி விஷயமாகப் பேசப்போய், கூடத்துச் சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தேன். நீலத் துணியில் முழுக்கப் பூத்தையல். மேல் மூலையில் நெல் குத்துகிறார்கள், கோழி மேய்கிறது. கொஞ்சம் கீழே விமானம். வயிற்றிலிருந்து கறுப்பு நூலில் சொட்டுச் சொட்டாகக் குண்டு. அதற்குக் கீழே மூட்டை முடிச்சோடு வரிசையாக ஜனம். குறுக்கே அகலமாக மீகாங் ஆறு, மூங்கில் தெப்பத்தில் சிலர், நீந்துகிறவர்கள் சிலர், தலை மட்டும் தெரிகிற ஒரு குழந்தை. அக்கரையில் தாய்லாந்து அகதி முகாம்.

1962இல் லாவோஸ் நடுநிலை நாடு என்று ஜெனீவாவில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் அமெரிக்கப் படை வெளிப்படையாக இறங்க முடியாது. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. என்ன செய்தது என்றால், ஏற்கெனவே துப்பாக்கி கொடுத்து வைத்திருந்த மாங் பையன்களை, வாங் பாவோ என்ற தளபதியின் கீழ் கம்யூனிஸ்டுகளோடு சண்டைக்கு விட்டது. வானத்திலிருந்து 1964 முதல் 73 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு. ஒன்பது வருடம், ராத்திரி பகலாக, எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் வெடிக்காமல் மண்ணில் கிடப்பவை இன்றைக்கும் ஆளைக் கொல்கின்றன. 1975இல் கைவிட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் பேரைத்தான் விமானத்தில் ஏற்றினார்கள். மற்றவர்கள் அந்தத் துணியில் இருப்பவர்கள்.

அந்த அம்மாவின் கணவர் 15 வயதில் துப்பாக்கி தூக்கியவர். ஆங்கிலம் வராததால் ரொம்ப காலம் குடியுரிமை இல்லை. 2000இல் இவர்களுக்கென்று மொழித் தேர்விலிருந்து விலக்குத் தரும் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது. எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் பனிப்போர் என்றால் சுடாத போர் என்பார்கள். நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி

அந்தத் துணி விலைக்குக் கிடைக்குமா?

செயின்ட் பால், மினசோட்டா

கிடைக்கும், மாங் சந்தையில் தொங்கும். ஆனால் நான் பார்த்த வரைக்கும் பூ, யானை, அறுவடை, இவ்வளவுதான் விற்பனைக்கு. விமானம் வைத்த துணியைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாவிடமே, இதே மாதிரி ஒன்று தைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், ஒரு பை நிறையப் பாகற்காய் எடுத்து வந்து கையில் கொடுத்தார்.