தோரா (யூத வேதம்) சுருளில் உயிர்ப்புள்ளிகள் இல்லாமல் வாசிக்க வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு 58 வயது, பாஸ்டன் பக்கம். எங்கள் யூத ஜெப ஆலயத்தில் பெரியவர்களுக்கான பாத் மிட்ஸ்வா (யூதப் பெண்கள் சமயப் பொறுப்பை ஏற்கும் சடங்கு) வகுப்பில் ஒரு வருடமாகப் படிக்கிறேன், செவ்வாய் மாலை ஒன்றரை மணி நேரம். சின்ன வயதில் வீட்டில் அண்ணனுக்கு மட்டும்தான் எபிரேயம் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் இது எனக்கு ரொம்ப முக்கியம்.

இன்னும் 7 வாரத்தில் லேக் லெகா பகுதி வாசிக்க வேண்டும், ஆதியாகமம் 12, முதல் 9 வசனங்கள். அச்சுப் புத்தகத்தில் உயிர்ப்புள்ளிகளோடு (உயிர் ஒலியைக் காட்டும் குறிகள்) சரளமாக வாசிப்பேன். சுருளில் புள்ளியும் கிடையாது, ராகக் குறியும் கிடையாது. அங்கே போனதும் நின்றுவிடுகிறேன். முதல் வசனத்திலேயே 'லேக்', 'லெகா' இரண்டுக்கும் ஒரே இரண்டு எழுத்துதான்! பார்க்க ஒரே மாதிரி இருக்கும் தாலெத், ரேஷ் என்ற எழுத்துகளை வேறு மாற்றிப் படிக்கிறேன்.

கேன்டர் (ஆலயத்தில் பாடி வழிபாடு நடத்துபவர்) பாடித் தந்த ஒலிப்பதிவை வேகம் குறைத்துக் கேட்டுப் பார்த்தேன், மனப்பாடம் ஆனதே தவிர வாசிப்பு வரவில்லை, நடுவில் ஒரு சொல் தவறினால் கண் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. எழுத்து அட்டைகள் வைத்தும் பழகினேன். அப்புறம் தீக்குன் (ஒரே பகுதியைப் புள்ளியோடும் சுருள் போலவும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட பயிற்சி நூல்) புத்தகத்தில் புள்ளி உள்ள பத்தியை மூடிவிட்டு, சுருளில் இருப்பது போன்ற பத்தியை மட்டும் ஒரு மாதமாகப் பார்க்கிறேன். இரண்டு வசனம் தாண்டவில்லை.

பெரியவர்களான பிறகு சுருளில் வாசிக்கக் கற்றவர்கள், புள்ளிகளை விட்டு வெளியே வர தினமும் எந்த முறையில் பயிற்சி செய்தீர்கள்?