29 டிகிரி குழாய்த் தண்ணீரில் 20 லிட்டர் வோர்ட்டை ஆற்ற: செம்புச் சுருள் எத்தனை மீட்டர், ஐஸ் எவ்வளவு?

வீவக_அடுப்படி
சிங்கப்பூர், அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. 30 லிட்டர் பானை, உள்விட்டம் 34 செ.மீ. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன், ஒரு தடவைக்கு 20 லிட்டர் வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு, ஈஸ்ட் போட்டால் பீராகும்). பானையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தால் மணிக்கணக்காகியும் 40 டிகிரியிலேயே நிற்கிறது. குழாய்த் தண்ணீரே 29. ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் போட எனக்கு 20 வேண்டும். ஏர்கான் செம்புக்குழாயில் சுருள் செய்து, வோர்ட்டுக்குள் இறக்கி, அதன் உள்ளே குழாய்த் தண்ணீரை ஓட விடலாம் என்று இருக்கிறேன். என்ன அளவு வாங்குவது? ஐஸ் வாளிக்குள் இன்னொரு சுருள் வைத்து, தண்ணீரை அதன் வழியாக விட்டால் போதுமா?

செம்புச்சுருள்
3/8 அங்குலம், 15 மீட்டர். பஞ்சு உறை போட்டது வேண்டாம், வெறும் குழாயாகக் கேளுங்கள். சுருளாகவே வரும் இளகிய செம்பு என்பதால் 25 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் மேல் கையாலேயே சுற்றிவிடலாம். ஏறக்குறைய 17 சுற்று வரும். நசுங்குவது பெரும்பாலும் கடைசியில், இரண்டு கால்களையும் (தண்ணீர் நுழையும், வெளியேறும் முனைகள்) மேலே திருப்பும்போதுதான். அந்த இடத்துக்கு மட்டும் வளைக்கும் ஸ்பிரிங் போடுங்கள். சுற்றுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு, தோலுரித்த செம்புக் கம்பியால் பின்னிக் கட்டுங்கள். ஈயம் கலந்த பற்றாசு (சால்டர்) கிட்டவே வரக்கூடாது.

இரண்டு கால்களும் பானை விளிம்பைத் தாண்டி 15 செ.மீ. வெளியே வளைந்து இறங்க வேண்டும். ரப்பர் குழாய் மாட்டும் இடம் என்றைக்காவது கசியும். அந்தச் சொட்டு வெளியே விழட்டும். உள்ளே விழுந்தால் கொதிக்காத தண்ணீர் ஆறிய வோர்ட்டில் கலக்கும், அந்த பீர் புளித்துப்போக அது போதும். வெளியேறும் பக்கத்துக்கு சிலிக்கான் குழாய் போடுங்கள். முதலில் வரும் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும், சாதாரண பிளாஸ்டிக் குழாய் இளகி நழுவிவிடும்.

தண்ணீருக்கு வாஷிங் மெஷின் குழாயே வசதி, 3/4 அங்குல மரை ஏற்கெனவே இருக்கும். புதுச் சுருளை சோப்பு போட்டுக் கழுவி, வினிகரில் துடைத்து அலசுங்கள். கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது பானைக்குள் இறக்கினால் கிருமி நீக்கம் தானாக நடந்துவிடும்.

மால்ட்_மூட்டை
ஐஸ் வாளியில் இரண்டாவது சுருள் வேண்டாம். தொடக்கத்திலிருந்தே ஐஸ் உருகும், ஆனால் கொதிக்கும் வோர்ட்டுக்கு 29 டிகிரித் தண்ணீரே தாராளம். கணக்குப் பாருங்கள்: 20 லிட்டரை 100லிருந்து 40க்கு இறக்க 1,200 கிலோகலோரி எடுக்க வேண்டும். 40லிருந்து 20க்கு வெறும் 400. ஒரு கிலோ ஐஸ் உருகி 15 டிகிரி வரை ஏறும்போது சுமார் 95 இழுக்கும். முழுவதையும் ஐஸே செய்தால் 17 கிலோ. கடைசிப் பகுதிக்கு மட்டும் என்றால் 4 கிலோ சொச்சம். வீணாவதையும் சேர்த்து 6 கிலோ வாங்குங்கள்.

ஆகவே 40 வரை குழாய்த் தண்ணீர். பிறகு குழாயைக் கழற்றிவிட்டு, ஐஸ் வாளியிலிருந்து மீன்தொட்டி பம்ப் மூலம் அதே சுருளுக்குள் சுற்ற விடுங்கள். சுருளில் மிஞ்சியிருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை வாளிக்குத் திருப்பாமல் முதல் இரண்டு லிட்டரைக் கொட்டிவிடுங்கள்.

இதைவிட முக்கியம், சுருளைப் பானைக்குள் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருப்பது. அசையாமல் விட்டால் செம்பை ஒட்டி ஆறிய ஓர் அடுக்கு தங்கும், அதற்கு அப்பால் சூடு அப்படியே நிற்கும். சுருளை நீட்டுவதைவிட இதில் கிடைக்கும் பலன் அதிகம். 60க்குக் கீழே வந்தபின் மூடியைத் தேவைக்கு மேல் திறக்காதீர்கள்.

வீவக_அடுப்படி
தெளிவாகிவிட்டது, நன்றி. எந்த பம்பும் சரிதானா?

மால்ட்_மூட்டை
இல்லை. பெட்டியில் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட எத்தனை மீட்டர் உயரம் ஏற்றும் என்பதைப் பாருங்கள். ஒரு மீட்டர் பம்ப் 15 மீட்டர் ஒல்லிக் குழாயில் நூல்போலத்தான் தள்ளும். குறைந்தது 2.5 மீட்டர். வயர் பிளக்குக்குப் போகுமுன் தாழத் தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் பிளக்கைத் தொடாது.

செம்புச்சுருள்
ஒன்று விட்டுப்போனது. பில்ஸ்னர் என்ற வெளிர்நிற மால்ட் என்றால் 80 டிகிரிக்கு மேலே நேரம் கடத்தாதீர்கள். அந்தச் சூட்டில் டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம் உருவாகிக்கொண்டே இருக்கும். கொதி நின்றபின் ஆவியாக வெளியேறாமல் தங்கி, பீரில் வேகவைத்த சோள வாசம் வரும். அந்தக் கட்டத்தில் தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிடுங்கள். வெளியேறும் முதல் 20 லிட்டரைப் பிடித்துவைத்தால் பாத்திரம் கழுவ ஆகும்.