பூச்சு வேலைக்கு முன் ஸ்மார்ட் ஹோம்: 2 லட்சத்தில் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

துடியலூர் வீடு கேட்டது:

கோவை துடியலூர் பக்கம் 1,450 சதுர அடியில், கீழும் மேலுமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மேல்தளம் போட்டு சென்ட்ரிங் பிரித்தாகிவிட்டது. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் சுவர் வெட்டத் தொடங்குகிறார், பிறகு பூச்சு.

ஆட்டோமேஷனுக்கு என்று 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு 4.6 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஜி.எஸ்.டி. தனி. தொடுதிரை சுவிட்சுகள், நிறம் மாறும் விளக்குகள், எல்லா ஜன்னலுக்கும் மோட்டார் திரைச்சீலை, குரல் கட்டளை. கணவருக்கு அந்தத் திரைச்சீலையின் மேல்தான் கண்.

எனக்கு வேண்டியவை வேறு. தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். 74 வயது மாமியார் இரவில் எழுந்தால் கழிப்பறை வரை விளக்கு எரிய வேண்டும். நான் கல்லூரியில் இருக்கும்போது வாசலில் நிற்பது யார் என்று தெரிய வேண்டும். கீசரை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் வண்டியைத் திருப்பக் கூடாது.

எலக்ட்ரீஷியனோ, "எல்லாம் வைஃபைதான் அம்மா, பின்னால் மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் வரும்போது சுவிட்சுகளை வாங்கி வருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

வயரிங் ஒப்பந்தக்காரர் பதில்:

அம்மணி, உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி சரி. சுவிட்சைப் பின்னால் மாட்டலாம். பைப்பையும் வயரையும் பூச்சுக்குப் பிறகு எங்கே மாட்டுவார்? 4.6 லட்சத்துக் காகிதத்தில் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. அதில் அவர்களுக்கு லாபம் இல்லை.

நம் பக்கத்து வழக்கப்படி சுவிட்சுப் பெட்டிக்கு பேஸ் வயர் (மின்சாரம் வரும் வயர்) வரும், அங்கிருந்து விளக்குக்கு ஒரு வயர் போகும். நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். பிளக் உள்ள போர்டில் மட்டும் நியூட்ரல் கிடைக்கும். படிக்கட்டு, கழிப்பறை வாசல் போன்ற சின்னப் பெட்டிகளில் கிடைக்காது. உங்கள் மாமியாருக்கு விளக்கு வேண்டியதே அந்த இடத்தில்தான். ஸ்மார்ட் சுவிட்ச், விளக்கு அணைந்திருக்கும்போதும் மின்சாரம் பெற்றபடி இருக்க வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகையும் உண்டு. அது விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தை இழுப்பதால், சின்ன எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மினுக்கும். ஆகவே எல்லாப் பெட்டிக்கும் ஒரு கறுப்பு வயர், அதாவது நியூட்ரல்; பெட்டியும் ஆழமான வகை. சுவிட்சுக்குப் பின்னால் ரிலே (மின்சாரத்தைத் தானாகப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) உட்கார இடம் வேண்டும் அல்லவா?

இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் இ.பி. லைனின் நியூட்ரலையும் எந்தப் பெட்டியிலும் ஒன்றாக முறுக்க விடாதீர்கள். முறுக்கினால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். பழியோ ஸ்மார்ட் சுவிட்சின் மேல் விழும்.

மோட்டாருக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. மாடித் தொட்டியிலிருந்து மோட்டார் ஸ்டார்ட்டர் வரை ஒரு வயர் பைப், சம்பிலிருந்து ஒரு வயர் பைப். தொட்டியிலும் சம்பிலும் சென்சார். சம்ப் வற்றினால் மோட்டார் ஓடக் கூடாது என்பது, தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும் என்பதைவிட முக்கியம். மாநகராட்சித் தண்ணீர் வராத வாரத்தில் மோட்டாரின் காயில் கருகுவது இதனால்தான். வைஃபை பிளக்கில் மோட்டாரை மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள்; கிளம்பும் நொடியில் அது இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. கான்டாக்டர் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் பெரிய ரிலே) வைத்த கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், கூடவே கையால் போடும் சுவிட்சும்.

கேமராவுக்கும் வைஃபை கருவிகளுக்கும் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள், கரண்ட் பைப்போடு சேராமல் தனிப் பைப்பில். 305 மீட்டர் பெட்டி ஒன்று உங்கள் வீட்டுக்குத் தாராளம். எல்லாம் படிக்கட்டுக்கு அடியில் ஓரிடத்தில் வந்து சேரட்டும். தளம் போட்டாயிற்று என்பதால் கூரை நடுவில் வைஃபை கருவிக்குப் புதிதாக வழி கிடையாது. சுவரின் மேல் ஓரத்தில் எடுங்கள். திரைச்சீலைக்கு? ஜன்னல் தலைக்கு மேல் ஒரு பிளக் விட்டுவையுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஆசை அங்கேயே காத்திருக்கட்டும்.

ஓசூர் மென்பொருள்காரன் பதில்:

வயரிங் அண்ணன் சொன்னதற்கு மேல் இரண்டு விஷயங்கள்.

அமெரிக்கச் சுவிட்சுகள் வேண்டாம். பெரும்பாலானவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, பெட்டி அளவும் வேறு. இசட்-வேவ் வகை (ஸ்மார்ட் கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோ முறை) என்றால் அலைவரிசையே பொருந்தாது: அங்கே 908 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865. நாத்தனாரிடம் பாதாம் வாங்கி வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வாங்கும் எந்தப் பொருளும் நிறுவனத்தின் சர்வர் இல்லாமலும் வீட்டுக்குள் வேலை செய்ய வேண்டும். ரிவால்வ் என்று ஒரு ஹப் (ஸ்மார்ட் கருவிகளை இணைக்கும் மையப் பெட்டி), விலை 299 டாலர். நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கி 2016 மே மாதம் சர்வரை மூடியது, ஹப் வெறும் டப்பாவானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. அதே ஆண்டு அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான். மேட்டர் அல்லது ஜிக்பீ (இதுவும் கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு பொதுத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வாசல் கேமரா செத்துக் கிடந்தால் என்ன பயன்?

சின்ன பட்ஜெட் பதில்:

மாமியார் விளக்குக்கு ஆப்பும் வேண்டாம், ஹப்பும் வேண்டாம். அசைவு சென்சார் உள்ள சாதாரண விளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்விசிறி பி.எல்.டி.சி. வகை (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்குவதாக இருந்தால் ஸ்மார்ட் ரெகுலேட்டருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த விசிறியை ரெகுலேட்டரில் மாட்டக் கூடாது, ரிமோட் கூடவே வரும்.

துடியலூர் வீடு:

மிக்க நன்றி. நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நியூட்ரல், ஆழப் பெட்டி, பைப், கேட் 6, கூலி சேர்த்து 45,000. மோட்டார் பெட்டி 8,000. வாசல் மணியும் இரண்டு கேமராவும் 30,000. ரவுட்டர் வகையறா 20,000. கீசருக்கும் வரவேற்பறைக்கும் ரிலேக்கள் 20,000. மீதி 77,000. கணவர் உடனே "திரைச்சீலை" என்றார்; குடிபோய் ஒரு கோடை கழியட்டும், எந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு என்றேன். முகம் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம்: எலக்ட்ரீஷியனுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசியிருக்கிறோம். இந்த வேலையெல்லாம் அதிலேயே அடங்குமா?

வயரிங் ஒப்பந்தக்காரர்:

அடங்காது, அடங்கும் என்று அவர் சொன்னாலும் நம்பாதீர்கள். கூடுதல் வயருக்கும் டேட்டா பாயின்டுகளுக்கும் (கேட் 6 முடியும் இடங்கள்) பாயின்ட் கணக்கில் தனிக் கூலி பேசி, தாளில் எழுதி வாங்குங்கள், அதுவும் சுவர் வெட்டும் முன். பூசுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். கீசர் ரிலே 16 ஆம்பியர் வகைதானா என்று பில் போடும்போது பாருங்கள். 10 ஆம்பியரைக் கட்டிவிடுவார்கள்.