பழைய கடைசல் மெஷின்: மோட்டாரை டெல்டாவாக மாற்றலாமா?

வணக்கம். கும்பகோணம் பக்கம் மூடிய தச்சுப்பட்டறையிலிருந்து பழைய மரக் கடைசல் மெஷின் ஒன்று கிடைத்தது. வார்ப்பிரும்பு உடம்பு, கட்டில் கால் கடைந்தது. துரு, பேரிங் வேலை முடிந்தது. மோட்டார்தான் புதிர்.

தகட்டில் 1 ஹெச்பி, 3 ஃபேஸ், 400 வோல்ட், 50 சைக்கிள், 1420 ஆர்பிஎம். அப்படியென்றால் 4 போல் (காந்த முனை). வெளியே மூன்று ஒயர்தான் வருகிறது. சின்ன மோட்டார், ஸ்டார் முடிச்சு (மூன்று காயிலுக்கும் ஒவ்வொரு முனை ஒன்றாகச் சேரும் இடம்) உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டிலோ சிங்கிள் ஃபேஸ். 230 வோல்ட் விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை 3 ஃபேஸாக்கி மோட்டாரை ஓட்டும் கருவி) அதற்கு மேல் வோல்ட் தராது, காயில்களை முக்கோணமாக இணைத்து டெல்டாவாக்கினால்தான் முழு இழுவை வரும். மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பார்த்தால் இன்சுலேஷன் நன்றாகவே இருக்கிறது.

காயில் கட்டுபவர் "புதுசாவே சுத்திடலாம் தம்பி" என்கிறார். எனக்கு மனசில்லை. பழைய வார்னிஷ் உடையாமல் முடிச்சைப் பிரித்து ஆறு முனையாக எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? தஞ்சாவூர், மயிலாடுதுறை வட்டாரத்தில் செய்து தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள்.