அக்கா அனுப்பின ஐபோன்ல நம்ம ஊர் சிம் ஏறல, அம்மா நம்பரும் போச்சு: உதவி தேவை

பாளை பையன்:

அக்கா டெக்சாஸ்ல இருக்கா. அம்மாவுக்குன்னு ஒரு ஐபோன் 15 குடுத்துவிட்டிருக்கா. ஊருக்கு வந்த அவ சிநேகிதி கொண்டுவந்து தந்தாங்க. புது போன், பெட்டிகூட பிரிக்கல. பிரிச்சுப் பார்த்தா சிம் போடுத இடமே இல்ல. அமெரிக்க மாடல் அப்படித்தான், போனுக்குள்ளேயே பதிஞ்சு கிடக்குத இ-சிம் மட்டும்தான்னு கடைல சொன்னாங்க. சரின்னு அம்மா நம்பரை இ-சிம்முக்கு மாத்தச் சொல்லிட்டு வந்தோம். கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் பண்ணா, போன் வேற நெட்வொர்க்குக்கு லாக் ஆகியிருக்கு, சேர்க்க முடியாதுங்குது. அதுக்குள்ள பட்டன் போன்ல கிடந்த பழைய சிம்முல சிக்னல் போயிட்டு.

இப்போ அம்மா நம்பர் எந்த போன்லயும் இல்ல. பென்ஷன் பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பர்தான். பக்கத்துல ஒரு கடைக்காரர் 6000 ரூபா குடுத்தா அன்லாக் பண்ணித் தாரேங்காரு. குடுக்கலாமா? அக்காகிட்ட சொல்லாம முடிக்க வழி இருந்தா நல்லது. ஆசையா அனுப்பின பொருள்ல நொட்டை சொல்லுத மாதிரி ஆயிரும். அத்தான் என்ன நினைப்பாரோ.

ரிச்சி ஸ்ட்ரீட் ரிப்பேர்:

ப்ரோ, போனை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நம்பரைக் காப்பாத்துங்க. சிம் அம்மா பேர்ல இருந்தா அம்மாவே ஆதாரோட கம்பெனி ஷோரூமுக்கு நேர்ல போகணும். இ-சிம் வேணாம், பழையபடி சாதா சிம் குடுங்கன்னு கேளுங்க, அதே நம்பர்ல தருவாங்க. சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வச்ச விதி அது. ஓடிபி வரலையேன்னு பதறிப் போய் மறுபடி சிம் மாத்திடாதீங்க, அந்த 24 மணி நேரம் முதல்ல இருந்து ஓட ஆரம்பிச்சிடும்.

போன்ல செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போங்க. கீழ கேரியர் லாக்னு ஒரு வரி இருக்கும். "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்"னு இருந்தா லாக் இல்ல. "சிம் லாக்ட்"னு இருந்தா லாக்தான், வேற விளக்கமே வேணாம்.

6000 ரூபாய் மேட்டர்: குடுக்காதீங்க. நானே இந்தத் தொழில்ல இருக்கறவன். சிம் ட்ரே இருந்த காலத்துல ஆர்-சிம்னு மெல்லிசா ஒரு சிப்பை சிம்மோட சேர்த்து உள்ள தள்ளுவோம். போன் அதை அமெரிக்க சிம்னு நம்பிடும். ஐஓஎஸ் அப்டேட் வந்தா படுத்துடும், கஸ்டமர் மறுபடி வந்து நிப்பார். உங்க போன்ல ட்ரேயே இல்ல, சிப்பை எங்க வைக்கறது? மிச்சம் இருக்கறது "ஐஎம்இஐ அன்லாக்", அதாவது போனோட அடையாள எண்ணை வச்சு கம்பெனி சிஸ்டத்துலயே பூட்டை எடுக்கறது. பொதுவா அது உள்ளாள் வச்சுப் பண்ற வேலை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டிங்கற மொபைல் கம்பெனி ஊழியர்களுக்கு லஞ்சம் குடுத்து, 2012-ல இருந்து 2017 வரைக்கும் கிட்டத்தட்ட 19 லட்சம் போனை அன்லாக் பண்ணின ஒரு ஆளுக்கு 2021-ல 12 வருஷம் ஜெயில். அந்த மாதிரி வழில திறந்த போனை கம்பெனி கண்டுபிடிச்சா திரும்பப் பூட்டிடும். உங்க 6000-க்கு ரசீதும் இருக்காது.

பாளை பையன்:

ரொம்ப நன்றி. நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு ஷோரூம் போறேன். அபவுட்ல பார்த்துட்டேன், "சிம் லாக்ட்"னுதான் இருக்கு. ஆனா ஒண்ணு புரியல. போன் அவளுக்கு ஃப்ரீயா கிடைச்சதுன்னு சொன்னா. புதுசா ஒரு லைன் சேர்த்தா போன் இலவசம்னு ஆஃபராம். காசு பாக்கியே இல்லாத போனை எதுக்குப் பூட்டணும்?

நியூஜெர்சி அக்கா:

தம்பி, அந்த "ஃப்ரீ"லதான் எல்லாமே இருக்கு. இங்க இலவசம்னு குடுக்கறது உண்மையில இலவசம் இல்ல. 830 டாலர் போன்னு வச்சுக்கோங்க. அதை 36 மாசத் தவணையா உங்க அக்கா பேர்ல எழுதிடுவாங்க. மாசாமாசம் 23 டாலர் சொச்சம் பில்லுல ஏறும், அதே 23 டாலரை கிரெடிட்னு சொல்லிக் கழிச்சும் விடுவாங்க. கையில இருந்து போன் காசு போகாது, ஆனா கடன் 36 மாசம் உயிரோட இருக்கும். அந்த லைனுக்கு மாச வாடகை தனி. போன் பாளையங்கோட்டை பீரோவுக்குள்ள இருந்தாலும் டெக்சாஸ்ல பில் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

இங்க பெரிய கம்பெனிங்கள்ல ஏடி அண்ட் டி, டி-மொபைல் ரெண்டுலயும் போன் கடன் முழுசா அடைஞ்சாத்தான் அன்லாக். அதோட முன்னதுல 60 நாள், பின்னதுல போஸ்ட்பெய்டுக்கு 40 நாள் அந்த நெட்வொர்க்குல ஓடியிருக்கணும். பெட்டி பிரிக்காம அனுப்பின போன் ஒரு நாள்கூட ஓடியிருக்காதே. இன்னொரு பெரிய கம்பெனி வெரைசன் கதை ரொம்ப நாள் வேற மாதிரி இருந்துச்சு. 2008-ல 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஏலத்துல எடுத்தப்ப, போனைப் பூட்டக்கூடாதுன்னு அரசு ஒரு நிபந்தனை போட்டுச்சு. 2019-ல எஃப்சிசி (இங்கத்த தொலைத்தொடர்பு ஆணையம்) கிட்ட கேட்டு 60 நாள் பூட்டி வச்சுக்க அனுமதி வாங்கினாங்க. இந்த விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால அந்தந்த கம்பெனியோட அன்லாக் பக்கத்துல இன்னைக்கு என்ன போட்டிருக்குன்னு அக்காவைப் பார்க்கச் சொல்லுங்க.

அக்காகிட்ட சொல்லாம முடிக்க வழி கிடையாது. ஐபோனுக்கு அன்லாக் கோடுன்னு எதுவும் இல்ல. கணக்கு வச்சிருக்கறவங்க கம்பெனிகிட்ட கேக்கணும், கம்பெனி ஒத்துக்கிட்டா ஆப்பிள் சர்வர்ல மாத்திடும், போன் வைஃபைல சேர்ந்ததும் பூட்டு போயிடும். நீங்க ஊர்ல உக்காந்து செய்யறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல. ஆனா அக்காவை அவசரப்பட்டுப் பாக்கியை மொத்தமா கட்ட விடாதீங்க, லைனையும் கேன்சல் பண்ண விடாதீங்க. பல ஆஃபர்ல முன்கூட்டியே அடைச்சா மீதி கிரெடிட் நின்னுடும். லைனை நிறுத்தினா மிச்சத் தவணை எல்லாம் ஒரே பில்லுல வந்து விழும். முதல்ல பில்லை எடுத்து எத்தனை மாசம் பாக்கின்னு பார்க்கட்டும்.

ஸ்காபரோ:

நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச 2017 டிசம்பர் 1க்குப் பிறகு லொக் பண்ணின போன் விக்கேலாது. பழைய போன் எண்டாலும் கேட்டா காசு வாங்காமல் திறந்து தரவேணும் எண்டு இஞ்சத்தைய தொலைத்தொடர்பு ஆணையம் சிஆர்டிசி விதி போட்டது. அதுக்கு முதல் 50 டொலர் வரைக்கும் கறந்தவை. லண்டனிலயும் 2021 டிசம்பரில இருந்து அப்பிடித்தான். ஜப்பானில அதே வருசம் ஒக்டோபர். அமெரிக்காவிலதான் 2014இல அன்லொக் பண்ணிறது குற்றமில்லை எண்டு சட்டம் வந்தும், பூட்டி விக்கிறதை நிப்பாட்டேல்ல. அதுக்கு முதல் ஒன்றரை வருசம் கம்பனியைக் கேளாமல் சொந்தப் போனைத் திறந்தாலே சட்டவிரோதம், தெரியுமோ?

அக்காவிட்ட கேக்கிறதுக்கு ஏன் தம்பி வெக்கப்படுறியள்? ஊருக்குப் போன் அனுப்பிற எங்கட ஆக்களில பாதிப் பேருக்கு லொக் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாது. அவையின்ட போன் அவையின்ட நாட்டில வேலை செய்யுதுதானே, எப்பிடித் தெரியும்?

பழைய ரிலையன்ஸ்:

நம்ம ஊர்ல பூட்டே இருந்ததில்லைன்னு நினைச்சுடாதீங்க. 2003-ல 501 ரூபாய் கட்டி ரிலையன்ஸ் போன் வாங்கினவங்க இங்க யாராவது இருக்கீங்களா? அதுல சிம்மே கிடையாது, நம்பரை செட்டுக்குள்ளேயே எழுதியிருப்பாங்க. கனெக்‌ஷன் வேணாம்னா செட்டையும் கடாசிட வேண்டியதுதான். 2017-ல வந்த ஜியோபோனும் 1500 ரூபாய் டெபாசிட், ஜியோ சிம் மட்டும்தான். மத்தபடி இங்க செட்டு ஒரு கடையில, சிம் இன்னொரு கடையிலன்னு வாங்கிப் பழகிட்டோம். 2011 ஜனவரியில இருந்து நம்பரை வச்சுக்கிட்டே கம்பெனியும் மாத்தலாம். அதனாலதான் லாக்னு சொன்னா நமக்கு ஸ்க்ரீன் லாக் மட்டும் ஞாபகம் வருது.

இன்னொண்ணு. இங்க இருந்து சாம்சங் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பறவங்க கவனிங்க. பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இந்தப் பகுதி சிம் போட்டு மொத்தம் 5 நிமிஷம் பேசினாத்தான் மத்த நாட்டு சிம்மை ஏத்துக்கும். அங்க போய் முழிக்காம, இங்கயே ஒரு போன் பேசிட்டு அனுப்புங்க.

பாளை பையன்:

நம்பர் வந்துட்டு! சாதா சிம் பட்டன் போன்ல ஓடுது. எஸ்எம்எஸ் மறுநாள்தான் வந்தது, நீங்க சொன்ன மாதிரியே.

அக்காகிட்டயும் சொல்லிட்டேன். பில்லை எடுத்துப் பார்த்தா 36-ல பெரும்பாதி மாசம் பாக்கி. அவளுக்கே இப்பத்தான் தெரியுது. அத்தான் பக்கத்துல இருந்து சிரிச்சுட்டு, அவர்கிட்ட கடன் முடிஞ்ச ஐபோன் 12 ஒண்ணு சும்மா கிடக்காம், அதை அன்லாக் கேட்டு அனுப்புதேன், 15-ஐ யாராவது திரும்பி வரும்போது குடுத்துவிடுன்னுட்டார். அதுல சிம் ட்ரே இருக்காம்.

அதுவரைக்கும் இந்த 15-ஐ எதுக்காவது உபயோகிக்க முடியுமா? அக்கா மகன் பாட்டிக்கு மெசேஜ் போடுதேன், வரவே மாட்டேங்குதுன்னு புலம்புதான். வாட்ஸ்அப்ல போடுடான்னா, அவன் போன்ல வாட்ஸ்அப்பே கிடையாதாம்.

நியூஜெர்சி அக்கா:

தாராளமா உபயோகிக்கலாம். லாக் மொபைல் நெட்வொர்க்குக்கு மட்டும்தான், வைஃபைக்கு இல்ல. வாட்ஸ்அப் போட்டு அம்மா நம்பரைக் குடுங்க, ஓடிபி பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து அடிச்சாப் போதும்.

பேரன் விஷயம்: என் பசங்களும் இதேதான். இங்க ஒரு காலத்துல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கும் வாங்கறவங்க காசு குடுக்கணும். அப்புறம் எல்லா பிளான்லயும் அளவில்லாத எஸ்எம்எஸ் சேர்ந்துடுச்சு, 2011-ல ஐபோன்காரங்க தங்களுக்குள்ள நெட் வழியா அனுப்பிக்கற ஆப்பிளோட ஐமெசேஜ் வந்துச்சு. வாட்ஸ்அப் தேவைப்படவே இல்ல. நம்ம ஊர்ல அப்போ நேர்மாறு. பொங்கல், தீபாவளி, புத்தாண்டுன்னா எஸ்எம்எஸ் பேக் செல்லாது, வாழ்த்து ஒவ்வொண்ணுக்கும் காசு. 2011-ல டிராய் (நம்ம தொலைத்தொடர்பு ஆணையம்) ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான்னு வரம்பு போட்டு, பிறகு 200 ஆக்கினாங்க. காசில்லாம அனுப்ப வாட்ஸ்அப் வந்ததும் மொத்த ஊரும் அதுக்குள்ள போயிடுச்சு. இங்க பசங்ககிட்ட இன்னொரு கிறுக்கும் உண்டு. ஐபோன்காரங்க மெசேஜ் நீலம், ஆண்ட்ராய்டுகாரங்க மெசேஜ் பச்சை. பச்சைன்னா குரூப்ல சேர்க்கவே யோசிப்பாங்க. 2024-ல ஐஓஎஸ் 18-ல ஆர்சிஎஸ்னு எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலான புது முறை வந்த பிறகும் அந்த நிறம் மாறல.

பாட்டிக்கு வழி இருக்கு. அம்மாவுக்கு ஒரு ஆப்பிள் ஐடி போடுங்க. செட்டிங்ஸ்ல மெசேஜஸ்குள்ள போய் ஐமெசேஜை ஆன் பண்ணி, அந்த ஈமெயிலைத் தேர்ந்தெடுங்க. பேரன் நம்பருக்குப் பதிலா அந்த ஈமெயிலுக்கு அனுப்பட்டும், வைஃபைலயே நீலமா வந்து விழும்.

துபாய் பார்ட்டி:

எங்க நிலைமை இன்னும் மோசம். இங்க வாட்ஸ்அப்ல எழுதலாம், பேச முடியாது. வீட்டுக்கு வீடியோ கால் பண்ண போட்டிம்னு வேற ஒரு ஆப் போடணும். ஊர்ல அப்பா போன்லயும் நான்தான் அதை ஏத்திக் குடுத்தேன். என்னைத் தவிர அதுல அவர் பேசறதுக்கு ஆளே இல்ல.

ஸ்காபரோ:

என்ட அம்மாவுக்கு இன்னும் வைபர் எண்ட ஆப்தான். ஆருக்கு எதில எடுக்கிறதெண்டு ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்கிறா.

ரிச்சி ஸ்ட்ரீட் ரிப்பேர்:

பாளை ப்ரோ, அந்த 12 அமெரிக்காவை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி அத்தானை ரெண்டு விஷயம் பண்ணச் சொல்லுங்க. அன்லாக் ஆயிடுச்சுன்னு கம்பெனி மெயில் அனுப்பினா மட்டும் நம்பாம, அபவுட்ல "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" வந்திருக்கான்னு கண்ணால பார்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பட்டும். அப்புறம் ஃபைண்ட் மை ஐபோனை ஆஃப் பண்ணி, அவர் ஆப்பிள் ஐடில இருந்து சைன் அவுட் ஆகி, மொத்தமா அழிச்சுட்டு அனுப்பட்டும். இல்லன்னா ஆக்டிவேஷன் லாக் விழும். அது வேற பூட்டு, நெட்வொர்க் கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அவர் பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் திறக்க முடியாது.

போன் வந்ததும் அதே சாதா சிம்மைப் போடுங்க, போதும். நம்பரைக் காட்டி ஐமெசேஜ் வேணும்னா மெயின் பேலன்ஸ் கொஞ்சம் ஏத்தி வைங்க. ஆக்டிவேட் ஆக போன் தானாவே வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அன்லிமிடெட் பேக்ல அது அடங்காது, பேலன்ஸ் இல்லன்னா "வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்"லயே நிக்கும். ஈமெயில்ல ஓடறது போதும்னா இதையும் விட்டுடுங்க.