மிதித்தால் சக்கரம் நகரவில்லை, அவசரம்

பாகாயம்_மாணவன்: சைக்கிளின் பின் சக்கரம் பிடிக்க மாட்டேன் என்கிறது. காலையில் தேர்வு, காட்பாடி போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

தையல்கடை: எது பிடிக்கவில்லை தம்பி? பிரேக்கா, செயினா? கியர் வண்டியா?

சத்துவாச்சாரி_சவாரி: செயின் தளர்ந்திருக்கும். அச்சு நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழு. எப்போதும் அதுதான்.

பாகாயம்_மாணவன்: சாதா வண்டி. பெடல் சும்மா சுற்றுகிறது. செயினும் பின்பல்லும் சுற்றுகின்றன, சக்கரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சத்துவாச்சாரி_சவாரி: செயினை எதற்கும் பார்த்துவிடு.

பழைய_ஃபிட்டர்: செயின் ஓடுகிறது என்று பையனே எழுதியிருக்கிறான். படித்துவிட்டுப் பதில் சொல்லும் வழக்கம் இங்கே எவருக்கும் இல்லை. கோளாறு பிரீவீலில், பின் சக்கரத்தின் நடுவில் செயின் மாட்டியிருக்கும் பாகம். அது இரண்டு துண்டு. வெளி வளையத்தில் செயின் மாட்டும் பல். அதன் உட்புறம் ஒருபக்கமாகச் சரிந்த பற்கள். உள்துண்டு ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், மரை போட்டு முடுக்கியது. அதில் இரண்டு நாக்குகள், அவற்றைத் தூக்கிப் பிடிக்க முடி போன்ற ஸ்பிரிங். மிதித்தால் பல்லின் செங்குத்துப் பக்கம் நாக்கை முட்டித் தள்ளும், சக்கரம் சுழலும். மிதிப்பதை நிறுத்தினால் வெளி வளையம் நின்றுவிடும். சக்கரத்தோடு ஓடும் நாக்கு சரிவில் வழுக்கித் தாவும். அதுதான் அந்த டிக் டிக். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்று, கேட்கிறதா?

பாகாயம்_மாணவன்: சத்தமே இல்லை. சத்தம் அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைத் திறந்து கிரீஸ் அப்பினார். சொல்லவில்லையா நான்?

பழைய_ஃபிட்டர்: சொல்லவில்லை. கிரீஸில் நாக்கு படுத்துவிட்டது; ஸ்பிரிங்குக்கு அதைத் தூக்கும் பலம் கிடையாது. வண்டியைச் சாய்த்து, அந்த இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்று. கறுப்பு வடியும்வரை விடு. பிறகு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். மூடியைத் திறக்காதே, அதன் மரை தலைகீழ். உள்ளே இருக்கும் பொடிக் குண்டுகள் சிதறினால் விடியும்வரை பொறுக்க வேண்டும்.

தையல்கடை: மிஷின் எண்ணெய் போதும் தம்பி, என்னிடம் இருக்கிறது.

சத்துவாச்சாரி_சவாரி: எங்கள் வண்டிக்குக் கிரீஸ்தான் போட்டோம். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மிதிப்பதை விட்டால் விருதம்பட்டில்தான் நிற்கும்.

தையல்கடை: விருதம்பட்டா! சில்க் மில் நிறுத்தம் தாண்டாது. எதிர்க்காற்று வேறு.

சத்துவாச்சாரி_சவாரி: உங்கள் டயரில் காற்று இருந்திருக்காது.

பழைய_ஃபிட்டர்: எவ்வளவு தூரம் உருளும் என்பதை டயர் காற்றும் ஹப் குண்டுகளும் தீர்மானிக்கும். கிரீஸ் போட வேண்டிய இடம் அந்த ஹப். பிரீவீல் அல்ல.

பாகாயம்_மாணவன்: மூன்றாவது தடவை கறுப்பாக வழிந்தது. டக்கென்று பிடித்துவிட்டது. கிளம்புகிறேன்.

பழைய_ஃபிட்டர்: எண்ணெய் விட்டாயா?

பழைய_ஃபிட்டர்: தம்பி?