மாடி பாத்ரூம் குழாயில் தண்ணி சொட்டு சொட்டாத்தான் வருது: காற்றடைப்பா, உப்படைப்பா?

பிளம்பர் அண்ணன்களே, சிவில் படிச்சவங்களே, வணக்கம். குடியாத்தத்தில் எங்க வீடு, 20 வருஷ பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப். அம்மாவுக்கு முட்டி வலி, கீழே இறங்கி வந்துதான் குளிக்கிறாங்க. பார்க்கவே கஷ்டமா இருக்கு.

மொட்டைமாடி டேங்க்கில் தண்ணி மட்டத்துக்கு 5 அடி கீழே மாடிக் குழாய், 15 அடி கீழே கீழ்வீட்டுக் குழாய். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம்னா, மாடிக்கு 0.15 பார்தான். கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா தண்ணி வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் 3 மடங்குன்னா வேகம் சுமார் 1.7 மடங்குதானே கூடணும்? நேத்து ஒரே பக்கெட்டை வெச்சுப் பார்த்தேன்: கீழே ஒன்றரை நிமிஷம், மேலே 6 நிமிஷம்! இது உயரக் குறை மட்டும் இல்லைன்னு தோணுது.

குழாயைக் கழட்டினப்போ வாயில் வெள்ளையா உப்பு, நகத்தால் சுரண்டினா பொரிப்பொரியா உதிர்ந்தது. நம்ம ஊர் போர் தண்ணிதான் தெரியுமே. திறந்ததும் கொஞ்ச நேரம் புஸ்புஸ்னு காத்தும் வருது.

சுவரை உடைக்காம எதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? பிரஷர் பம்ப் வாங்கச் சொல்றாங்க. அடைப்பு இருந்தா பழைய ஜாயின்ட் தாங்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.